உடைந்த வரியைத் திருத்தும் உரிமை

இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள், பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பிறகு மூன்று எண்ணில் ஒரு வரிசை, ஒரு சரிபார்ப்பு எண். கடைசி எழுத்து 'வி' என்றால் வாக்குரிமை உண்டு, 'எக்ஸ்' என்றால் இல்லை. ஆக, 85840 என்று தொடங்கும் அட்டை 1985ஆம் ஆண்டின் 340ஆம் நாளில் பிறந்த ஒரு பெண்ணுடையது.

பைதானோ ஜாவாஸ்கிரிப்டோ படித்த மாணவர் எவரும் இதை வாசிக்கும் நிரலைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதிவிடுவார். 1985இன் 340ஆம் நாள் எது என்று மொழியோடு வரும் நாட்காட்டி நூலகத்தைக் கேட்டால் டிசம்பர் 6 என்று பதில் வரும். அந்தப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழிலோ டிசம்பர் 5 என்றிருக்கும். அடையாள அட்டை முறை லீப் ஆண்டானாலும் இல்லாவிட்டாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணுகிறது. அதை அறியாத நிரல், லீப் அல்லாத ஆண்டுகளில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லாரையும் ஒரு நாள் தள்ளிப் பிறக்க வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் வெற்றிகரமாக ஓடி முடியும்.

அட்டை இலக்கம் என்ற இந்த எழுத்துச் சரத்தில் உடைவே இல்லை, இருந்தும் வாசிப்பு பிழைத்தது. சரமே உடைந்து வந்தால் என்ன செய்வது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. நிரலாளர்கள் இதை ஒரு நுட்பப் பிரச்சினையாகவே பேசுகிறார்கள்: விடுபட்ட அடைப்புக்குறியை எப்படிச் சேர்ப்பது, மிகையான காற்புள்ளியை எப்படி நீக்குவது, எந்த நூலகம் எதைத் தாங்கும். அவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவைதான். ஆனால் அந்தச் சரத்துக்குள் இருப்பது இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் வாழும் ஒருவருடைய பெயராகவோ சேமலாப நிதிக் கணக்காகவோ இருக்கும்போது, அதைத் திருத்த நிரலுக்கு என்ன உரிமை என்பதை முதலில் கேட்க வேண்டும்.

நீண்ட எழுத்துச் சரத்தை அதன் இலக்கணப்படி உறுப்புறுப்பாகப் பிரித்து வாசிப்பதே பார்சிங். ஜேசன் என்ற வடிவத்தில் நெளிவடைப்புக்குள் தலைப்பும் மதிப்பும் இணையிணையாக நிற்கும்; தலைப்புகளும் சொற்களும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும். சிஎஸ்வியில் ஒரு வரி ஓர் ஆள், ஒரு காற்புள்ளி ஒரு கட்டத்தின் எல்லை. இந்த இலக்கணத்தை மீறி வரும் சரத்தை எப்படி நடத்துவது என்பதில் கணினி உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிளவுபட்டிருக்கிறது. அனுப்பும்போது கண்டிப்பாகவும் பெறும்போது தாராளமாகவும் இரு என்ற கொள்கையை ஜோன் போஸ்டல் 1980இல் இணைய நெறிமுறை ஆவணம் ஒன்றில் எழுதினார். இணையம் வளர அது பெரிதும் உதவியது. அரைகுறையாக எழுதப்பட்ட பக்கத்தையும் உலாவி காட்டியதால்தான் கோடிக்கணக்கானோர் பக்கம் எழுதத் துணிந்தனர். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் என்ற வடிவம் எதிர்ப்பக்கம் போனது: ஓர் அடைப்பு தவறினாலும் முழு ஆவணத்தையும் நிராகரி என்றது. 2023இல் இணையக் கட்டமைப்பு வாரியம் வெளியிட்ட ஆவணம் போஸ்டலின் தாராளத்தைத் திரும்ப ஆராய்ந்து, பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் அந்தப் பிழையே நடைமுறையாக உறைந்துவிடும் என்று எச்சரித்தது.

ஜேசனின் நிலை இன்னும் விசித்திரமானது. அதன் இலக்கணம் ஒரே பக்கத்தில் அடங்கும். இருந்தும் 2016இல் நிக்கோலா செரியோ பல மொழிகளின் ஜேசன் பார்சர்களை ஒரே சோதனைச் சரங்களால் சோதித்தபோது எந்த இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை. எண் அல்ல என்பதைக் குறிக்கும் சொல்லைப் பைதானின் பார்சர் வழக்கமாக ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டின் பார்சர் மறுக்கும். ஒரே தலைப்பு இருமுறை வந்தால் பல மொழிகள் முதலாவதைச் சத்தமின்றித் தூக்கிப்போட்டுவிட்டுக் கடைசியை வைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் 'பிள்ளை' என்ற தலைப்பில் மூன்று பெயர்களை யாராவது எழுதி அனுப்பினால் மிஞ்சுவது கடைக்குட்டி மட்டும்தான்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சப்ரகமுவவை இந்தக் கேள்விக்கு உரைகல்லாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தோட்டங்கள் நுவரெலியாவில் போலத் தொடர்ச்சியாகக் கிடப்பதில்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுப்பிட்டிய என்று சிங்களக் கிராமங்களுக்கு இடையே இறப்பரும் தேயிலையுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அலுவலகங்களின் நடைமுறை மொழி பெரும்பாலும் சிங்களம். தோட்டக் கணக்குகள் நெடுங்காலம் ஆங்கிலம். பேசுவது தமிழ். ஆகவே ஒரே ஆளின் பெயர் மூன்று எழுத்துமுறைகளில், மூன்று காலங்களில், மூன்று பேர் காதில் விழுந்தபடி பதிவாகியிருக்கும். சிங்கள நெடுங்கணக்கில் ழகரமும் றகரமும் இல்லை. ஆங்கிலத்திலோ லெட்சுமிக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) கணக்கப்பிள்ளை எழுதியது ஒன்று, பிறப்புப் பதிவில் பதிவாளர் எழுதியது இன்னொன்று, அடையாள அட்டையில் வந்தது மற்றொன்று.

தரவுப் பிழைக்கு இந்தத் தோட்ட மக்கள் கொடுத்த விலை கணினி வருவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவர் என்பதைக் காட்டும் குறியீட்டு எண் அதில் குத்தப்பட்டிருந்தது. ஆளைச் சரியான தோட்டத்தில் சேர்க்க அது போதும் என்று நிர்வாகம் கருதியது. பெயரின் எழுத்தைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோதுதான் பெயரும் திகதியும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எழுந்தது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டு எட்டு லட்சம் பேருக்கான விண்ணப்பங்கள் போயின. உரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான். அந்த மறுப்புகளுக்கு அரசியலே அடிப்படை. ஆனால் அரசியலின் கைக்கருவியாக நின்றவை தாள்கள்: வதிவுச் சான்று இல்லை, பெயர் ஒத்துவரவில்லை, இடையில் சில மாதக் கணக்கு விடுபட்டிருக்கிறது. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரிப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டபோது எரிந்த உடைமைகளில் இந்தத் தாள்களும் இருந்தன. பாதிச் சான்றும் சிதைந்த சான்றும்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும்வரை அந்தச் சான்றுகளே ஒரு தலைமுறையின் விதியைத் தீர்மானித்தன.

இன்றைய நிரலுக்கு வந்து சேர்வது அந்தப் பழைய பதிவுகளின் மேல் ஏறி நிற்கும் தரவு. ஓர் உடைவை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் அதில் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கியிருக்கிறது.

யூனிகோட் பரவுமுன் இலங்கைத் தமிழ்த் தட்டச்சில் கொடிகட்டிப் பறந்தது பாமினி எழுத்துரு. இன்றும் எத்தனையோ தோட்ட, சங்க, பாடசாலைக் கோப்புகள் அதில்தான் கிடக்கின்றன. பாமினியில் தமிழ் எழுத்து என்பது கண்ணுக்கு மட்டும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதில் புள்ளிக்கு அரைப்புள்ளி. இகரத்துக்குக் காற்புள்ளி. ஈகாரத்துக்கு 'சிறியது' என்னும் கோணக்குறி. ஜகரத்துக்குத் திறக்கும் சதுர அடைப்பு, ஸகரத்துக்கு மூடும் சதுர அடைப்பு. ஷகரத்துக்குப் பின்சாய்வு. 'தூ' என்று எழுதினால் மூடும் நெளிவடைப்பு ஒன்று வந்து உட்காரும். உலகத்துத் தரவு வடிவங்கள் எல்லாம் எல்லைக்கல்லாக வைத்திருக்கும் குறிகளை அள்ளியெடுத்து நம் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிறது பாமினி.

ஒரு தோட்டத்தின் பெயர்ப்பட்டியல் பாமினியில் இருக்கிறது, அதை யாரோ மேற்கோள் குறியின்றிச் சிஎஸ்வியாகச் சேமித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாரியாயியின் வரி ஒழுங்காக வாசிக்கப்படும். அடுத்து இராமாயி. அவர் பெயரின் முதல் எழுத்து காற்புள்ளி. பார்சர் அதை எல்லை என்றே எடுத்துக்கொள்ளும். பெயர்க் கட்டம் வெறுமையாகும். மீதிப் பெயர் பிறந்த திகதியின் கட்டத்துக்கும், திகதி முகவரியின் கட்டத்துக்கும் தள்ளிப்போகும். ஈஸ்வரியின் பெயர் சிஎஸ்வியில் பிழைத்துக்கொள்ளும், இணையப் பக்கத்தில் ஏற்றும்போது கோணக்குறியால் சிக்கலில் மாட்டலாம். நிரலாளர் கோப்பைப் பார்க்கிறார். சில வரிகளில் ஒரு கட்டம் மிகையாக இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் காற்புள்ளி வந்தால் நீக்கு என்று ஒரு விதி எழுதுகிறார். கட்டங்கள் நேராகிவிடும், பிழைச் செய்தி நின்றுவிடும், யூனிகோடுக்கு மாற்றியதும் பட்டியல் அழகாகத் தெரியும்.

அப்பட்டியலில் இராமாயி இப்போது ராமாயி. இலட்சுமி இப்போது லட்சுமி. இரண்டும் தமிழில் நல்ல பெயர்களே. எந்த எழுத்துச் சோதனையும் இவற்றைப் பிழையென்று பிடிக்காது. அடையாள அட்டையில் முதலெழுத்தோடு இருக்கிறது, பட்டியலில் இல்லை என்பதை ஓர் எழுதுவினைஞர் ஒருநாள் பார்த்து, இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு வா என்று சொல்லும்போதுதான் அந்த விதியின் விளைவு வெளியே வரும். ஒரு நாள் பிரட்டுக்கும் வேலைக்கும் போகாமல், பஸ் பிடித்து, சமாதான நீதவான் ஒருவரைத் தேடிக் கையொப்பம் வாங்குவது அந்த அம்மாவின் வேலையாகிவிடும். நிரலை எழுதியவருக்கு அது தெரியவும் வராது.

உடைந்து தெரிந்த சரம் அவ்வளவு ஆபத்தில்லை. 'சரியாக்கப்பட்ட' சரம்தான் ஆபத்து, ஏனென்றால் அது உடைந்திருந்ததற்கான தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

யூனிகோட் வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று நம்பியவர்கள் உண்டு. பெரும்பகுதி தீர்ந்தது என்பது மெய்தான். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தோ அதன் துணைக்குறியோ ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படும். ககரம் 224, 174, 149. பழைய விண்டோஸ் மேற்கத்தியக் குறிமுறை என்று தப்பாக நினைத்து அந்தக் கோப்பைத் திறந்தால் திரையில் விநோதக் குறிகள் நிரம்பும். பைட்டுகள் அப்படியே இருக்கும்வரை பயமில்லை. வந்த வழியே திரும்பிப்போகலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மேற்கத்தியக் குறிமுறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் வெறுமையானவை. நம் உகரக்குறியின் கடைசி பைட்டு 129. நம் புள்ளியின் கடைசி பைட்டு 141. தமிழ்ப் பெயர்களில் அதிகம் வரும் இரண்டு குறிகள் சரியாக வெற்றிடத்தில் போய் விழுகின்றன. சில மென்பொருள்கள் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுச் சேமித்துவிடும்.

முத்து என்ற பெயரில் இவ்வாறு மூன்று இடங்கள் அழியும். ஒவ்வோர் இடத்திலும் இருந்தது உகரமா புள்ளியா என்று இரண்டு வாய்ப்பு, மொத்தம் எட்டு. தமிழ் தெரிந்தவர் நொடியில் முத்து என்பார், ஏனெனில் மற்ற ஏழும் பெயராகாது. இந்த அறிவை நிரலுக்கும் ஊட்டலாம். ஆனால் அதே பட்டியலில் அடுத்து வருபவரின் பெயரில் பா, ல, அதன் பின் ஓர் அழிந்த குறி. பாலு என்பதா? பால் என்பதா? தோட்டங்களில் இரண்டு பெயரும் உண்டு. முன்னவர் பெரும்பாலும் கோயிலுக்குப் போகிறவர், பின்னவர் தேவாலயத்துக்கு. எழுத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க எந்த நிரலாலும் முடியாது, எந்தத் தமிழ்ப் புலவராலும் முடியாது. நிரல் நிற்க வேண்டிய இடம் இது.

இன்னும் சில உடைவுகள் சுலபமானவை. 'கோ' என்பதை ஒற்றைக் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு. கோபால் என்ற ஆள் இரண்டு தடவை பதிவாகக் காரணம் இதுதான். யூனிகோடின் ஒழுங்காக்கும் விதியைப் போட்டால் தீரும், எதுவும் இழப்பதில்லை. சிங்களத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'ஸ்ரீ' போன்ற கூட்டெழுத்துகளைச் சிங்களம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியால் கட்டிவைக்கிறது. தெரியாத குறிகளையெல்லாம் துடைக்கிறேன் என்று நிரலாளர் இறங்கினால் நாட்டின் பெயரே இரண்டாக உடையும்.

எக்செல் செய்யும் சேதம் தனிக் கதை. 2016 முதல் வழங்கப்படும் புதிய அடையாள அட்டையின் இலக்கம் பன்னிரண்டும் எண்களே. ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது, கடைசி எழுத்து போயிற்று. பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, நாளெண்ணுக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வந்துவிடும். ஒழுங்கான மாற்றம். ஆனால் அந்தப் பழைய 'வி' என்ற ஒற்றை எழுத்து யாரும் எண்ணிப்பார்க்காத ஒரு காவலைச் செய்துகொண்டிருந்தது: எழுத்து இருந்ததால் எக்செல் அதைச் சொல்லாகப் பார்த்துத் தொடாமல் விட்டது. வெறும் எண்ணானதும் எக்செல் அதைத் தொகையாக எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு இலக்கத்தைப் பொதுவடிவக் கட்டத்தில் இட்டால் 1.98584ஈ+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பில் போய்ச் சேர்வது அந்தச் சுருக்கம்தான். அதிலிருந்து எதை மீட்கலாம்? பிறந்த ஆண்டு தப்பும். பெண் என்பது தெரியும். பிறந்த நாள் ஒரு பத்து நாள் இடைவெளிக்குள் அகப்படும். வரிசை எண்ணும் சரிபார்ப்பு எண்ணும் திரும்பாமல் போய்விட்டன. பக்கத்துக் கட்டத்திலுள்ள கைபேசி இலக்கத்தின் முதல் சுழியமும் போயிருக்கும். அதை மட்டும் அச்சமின்றித் திருப்பி வைக்கலாம், ஏனெனில் ஒன்பது இலக்கம் மிஞ்சியிருந்தால் போனது எது என்பதில் ஐயமில்லை. எக்செலின் இந்தக் குணம் எளியவர்களின் பட்டியலோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களின் பெயர்களை மாதப் பெயர் என்று நினைத்து அது திகதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் குழு 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. ஆய்வாளர்களால் மரபணுவுக்கு வேறு பெயர் வைக்க முடிந்தது. அடையாள அட்டை வைத்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது.

மலைப்பகுதிக்கே உரிய உடைவு, பாதியில் அறுந்த சரம். புளத்கொஹுப்பிட்டிய, அரநாயக்க பகுதிகள் 2016 மே மாத மண்சரிவுகளில் அடிபட்டவை. அப்படியொரு நாளில் நாற்பது பேரின் நிவாரணப் பட்டியல் கைபேசியிலிருந்து ஜேசனாக மேலேறும் நேரம் சிக்னல் அறுந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மூடும் அடைப்பு வந்து சேராது. கண்டிப்பான பார்சர் முழுவதையும் நிராகரிக்கும். நாற்பது பேருக்கும் அன்று எதுவும் பதிவாகாது. பழுதுபார்க்கும் நூலகமோ விடுபட்ட அடைப்புகளைத் தானே இட்டு மூடிவிட்டு, வந்து சேர்ந்த முப்பத்தொரு பேரையும் வாசித்து, எல்லாம் சரி என்று சொல்லும். மிச்ச ஒன்பது பேர் பட்டியலில் இருந்ததாகவே யாருக்கும் தெரியாது. அதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. ஜேசனில் சொல்லுக்கு மூடும் மேற்கோள் இருக்கிறது. எண்ணுக்கு முடிவுக்குறி இல்லை. 5000 என்று எழுதப்பட்டது மூன்றாம் இலக்கத்தோடு அறுந்தால் 500 என்று நிற்கும். அடைப்பைச் சேர்த்து மூடினால் இலக்கணப்படி பழுதற்ற சரம், தொகை பத்திலொன்று.

இதற்கு மருந்து பார்சருக்குள் இல்லை. அனுப்பும்போதே இத்தனை பேர், இத்தனை பைட்டு என்று முன்னால் எழுதிவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று தனித்தனி ஜேசனாக அனுப்பினால் அறுந்தது எந்த வரி என்பது தானே தெரியும்; முப்பத்தொன்றை ஏற்றுக்கொண்டு ஒன்பது வரவில்லை என்று திருப்பிச் சொல்லலாம். தாராளமும் கண்டிப்பும் ஒன்றாகச் சாத்தியமாகும் வடிவம் இது என்பதால் நான் இதையே சிபாரிசு செய்வேன்.

கைத்தவறால் வரும் சிறு உடைவுகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கைபேசி விசைப்பலகை நேர் மேற்கோளை வளைத்துவிடும். கடைசி ஆளுக்குப் பின் காற்புள்ளி மிஞ்சும். பைதான் தன் அகராதியை ஒற்றை மேற்கோளோடு அச்சிட்டதை யாரோ ஜேசன் என்று நினைத்து அனுப்புவார்கள். இந்தக் கடைசிச் சிக்கலுக்கு ஒற்றை மேற்கோளையெல்லாம் இரட்டையாக்குவதுதான் பலர் செய்யும் முதல் வேலை. டி'சோசா என்று ஒருவர் வந்ததும் அது உடைந்துவிடும். மொழியின் மாறிலிகளை மட்டும் வாசிக்கும் பாதுகாப்பான செயல்கூறு பைதானிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே முறை. வந்த சரத்தை நிரலாக இயக்கிப் பார்ப்பது எக்காரணத்தாலும் கூடாது. அனுப்பியவர் எழுதியது எதுவானாலும் உங்கள் கணினி அதைச் செய்யும்.

வடிவம் நேரான பின்னும் பெயர் நேராவதில்லை. முகவரியில் லய இலக்கம், காம்பரா இலக்கம், டிவிஷன், தோட்டம் என்று நாலைந்து காற்புள்ளிகள். தெருப் பெயரும் வீட்டிலக்கமும் கேட்கும் படிவத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. பெரியசாமி மாரிமுத்து என்றால் மாரிமுத்துதான் ஆள், பெரியசாமி அவர் அப்பா. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும் நிரல், மாரிமுத்துவைக் குடும்பமாக்கி, அப்பாவின் பெயரை மகனுக்குச் சூட்டிவிடுகிறது. அவருடைய மகள் மாரிமுத்து செல்வி என்று பதிவாகும்போது தகப்பனுக்கும் மகளுக்கும் குடும்பப் பெயர் வேறுவேறு என்று அதே நிரல் சந்தேகக் கொடி தூக்கும். ஒலியொப்புமையால் பெயர்களை இணைக்கும் முறைகளும் இங்கே கைகொடுப்பதில்லை. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை லக்ஷ்மியின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு எல்250 என்று குறியீடு தரும். தோட்டப்புறத்தில் வழங்கும் லெட்சுமியின் எழுத்துக்கூட்டலுக்கு எல்325 தரும். ஒரே பெயர் இரண்டு ஆளாகிறது. அந்த முறை ஆங்கிலக் காதுக்குச் செய்யப்பட்டது.

1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் தோட்டத் தொழிலாளிக்குச் சேரும் பணம் பெரும்பாலும் அவர் வாழ்நாளில் காணும் மிகப் பெரிய தொகை. அதை எடுக்கப் போகும்போது நிதிப் பதிவின் பெயரும் அட்டையின் பெயரும் ஒத்திருக்க வேண்டும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த கை, ஓர் எழுத்துக்காகக் காத்திருப்பதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. புதிய நிரல்களும் இந்தப் பிழைக் குவியலில் இன்னொரு பிழையைச் சேர்த்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஆகவே நான் வகுக்கும் எல்லை இது. மூலச் சரத்தைப் பழுதின்றித் திரும்பக் கொண்டுவர முடியும், ஒரே ஒரு மூலம்தான் இருந்திருக்க முடியும் என்ற இரண்டும் உறுதியானால் நிரல் தானே திருத்தலாம்: வளைந்த மேற்கோள், மிஞ்சிய காற்புள்ளி, கைபேசி இலக்கத்தின் சுழியம், பிரிந்து நிற்கும் கொம்பும் காலும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நிறுத்த வேண்டும்: பாலு அல்லது பால், சுருங்கிய அட்டை இலக்கம், அறுந்த தொகை, முதலெழுத்து இழந்த இராமாயி. எந்த நிலையிலும் வந்த சரத்தை வந்தபடி ஒரு தனிக் கட்டத்தில் வைத்திருக்க வேண்டும். திருத்தியது எது, எந்த விதியால், எப்போது என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். சேமிப்பு இடம் இன்று மலிவு. மூலத்தை அழிக்க நியாயம் எதுவும் இல்லை.

மொழி மாதிரிகள் உடைந்த ஜேசனைப் பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் இந்த எல்லை மேலும் முக்கியமாகிறது. அவை அடைப்புகளை நன்றாகவே மூடுகின்றன. கூடவே, விடுபட்ட பெயரையும் பொருத்தமாக நிரப்பிவிடும் திறமை அவற்றுக்கு உண்டு. பொருத்தமான பெயர் வேண்டாம், அந்த ஆளின் பெயர் வேண்டும்.

நிறுத்துவது என்றால் எப்படி நிறுத்துவது? இன்று பெரும்பாலான மென்பொருள்கள் நிற்கும் விதம், ஆயிரத்துச் சொச்சமாவது இடத்தில் எதிர்பாராத குறி என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. தோட்ட அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ உட்கார்ந்திருப்பவருக்கு அதால் பயன் இல்லை. அவர் கோப்பைத் திருப்பி அனுப்புவார், அல்லது கண்ணில் படும் எதையாவது நீக்கிப் பார்ப்பார். அந்தச் செய்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவது பார்சர் எழுதியவரின் வேலை: பன்னிரண்டாவது ஆளின் அட்டை இலக்கம் எக்செலில் சுருங்கிவிட்டது, அட்டையைப் பார்த்துத் திரும்ப இடுங்கள், பதினெட்டாவது ஆளின் பெயரில் கடைசிக் குறி அழிந்திருக்கிறது, அவரையே கேட்டு எழுதுங்கள். மீதி முப்பத்தெட்டுப் பேரின் வரிகள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவை அன்றே பதிவாகலாம்.